வாசகருக்குப் பிடித்த புத்தகத்தைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி

நூலகத்துக்கு வருபவரிடம் "என்ன புத்தகம் வேண்டும்?" என்று கேட்டால் பெரும்பாலும் "ஏதாவது நல்லதா குடுங்க" என்றுதான் பதில் வரும். அதைவிட, "கடைசியாகப் படித்ததில் எது பிடித்தது, ஏன் பிடித்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "கீழே வைக்கவே மனசு வரலை" என்றால் அவருக்குக் கதையோட்டம் முக்கியம். "அந்தப் பாட்டி கண்ணுக்குள்ளேயே நிக்கிறாங்க" என்றால் மனிதர்களைச் சுற்றி நகரும் நாவலைத் தேடுங்கள். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல், புத்தகத்துக்குள் நுழையக் கதை, பாத்திரம், களம், மொழி என 4 வாசல்கள் உண்டு என்பார். இதில் உங்களிடம் வந்த வாசகருடைய வாசல் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்றை மட்டும் நீட்டாமல் இரண்டு மூன்றைக் கொடுத்துப் புரட்டிப் பார்க்க விடுங்கள். அப்புறம், 50 பக்கம் படித்தும் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் திருப்பித் தரச் சொல்லுங்கள்.