கடின ஆசனங்களும் மனத்தடையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுதோறும் ஜூன் 21 முடிந்த கையோடு எங்கள் வகுப்புக்குப் புதியவர்கள் சிலர் வந்து சேர்வார்கள். பன்னாட்டு யோகா நாள் 2015-இல் தொடங்கியதிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடப்பவர்கள், கடை திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் கிடைக்கும் வியாபாரிகள், பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வரும் தாய்மார்கள் என்று பலதரப்பட்டவர்கள். அவர்களில் சிலருக்கு முதல் வாரத்திலேயே சிரசாசனம் போட்டுவிட வேண்டும். மற்றவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதுமே பாயைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். இரு தரப்பினரும் செய்யும் தவறுகள் ஏறக்குறைய ஒன்றே. நான் பழகத் தொடங்கிய காலத்தில் என் செட்டில் இருந்த எல்லோரும் செய்த அதே தவறுகள், வரிசைகூட மாறாமல் மீண்டும் வருகின்றன.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருவது, இறுக்கமான உடையில் வருவது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஒரு நாள் பட்டுத் தெரிந்துகொண்டால் அவை தாமே சரியாகிவிடும். உடல் ஓரளவு தயாராகிவிட்ட பிறகும் மனம் மறுத்து நிற்கும் இடத்தில் நடக்கும் தவறுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இறங்கக் கற்காமல் ஏறுவது

இதைப் பற்றித்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. இத்தனை காலத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டுவது இது ஒன்றுதான். பழகுபவரிடமிருந்து அதிகமாகப் பறித்துக்கொள்வதும் இதுதான்.

சிரசாசனத்துக்கு அஞ்சும் ஒருவரிடம் எதற்கு அஞ்சுகிறீர்கள் என்று கேட்டால், தலைகீழாக நிற்பதற்கு என்பார். சற்றுக் கிளறிக் கேட்டால், நிற்பதில் அவருக்கு அவ்வளவு பயம் இல்லை என்பது தெரியவரும். நின்ற பிறகு பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டால் என்ன செய்வது, கால்களை எப்படிக் கீழே கொண்டுவருவது என்பதற்கு அவரிடம் விடை இல்லை. விடை இல்லாதவரை மனம் கால்களைத் தரையிலிருந்து எடுக்க விடாது. அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. கீழக்குயில்குடி சமணர் மலையில் பாறையில் வெட்டிய படிகளில் ஏறிப் பேச்சிப்பள்ளம் வரை போகிறவர்களைப் பாருங்கள். ஏறும்போது பேசிச் சிரித்துக்கொண்டு போகிறவர்களில் சிலர் இறங்கும்போது உட்கார்ந்து உட்கார்ந்து வருவார்கள். ஏறும்போது கண்ணுக்கு முன்னால் பாறை இருந்தது. இறங்கும்போது வெறும் வெளி இருக்கிறது.

இந்த மறுப்புக்கு முறையாக விடை தேடாமல், அதைக் குறுக்கு வழியில் தாண்டிவிட இரண்டு உத்திகள் நடைமுறையில் இருக்கின்றன. முதலாவது, வேறொருவர் காலைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவது. எங்கள் வகுப்புக்கு வந்த வங்கி ஊழியர் ஒருவர் அதற்கு முன் வேறோர் இடத்தில் மாதக்கணக்கில் பழகியிருந்தார். அங்கே பயிற்சியாளர் தினமும் அவருடைய கணுக்கால்களைப் பிடித்து மேலே தூக்கி, சிறிது நேரம் நிறுத்தி, அவரே கீழே இறக்கியும் விடுவார். தமக்குச் சிரசாசனம் வந்துவிட்டது என்றே இவர் நம்பிக்கொண்டிருந்தார். ஒரு யோகா நாள் ஒத்திகையில், திறந்த மைதானத்தில், படம் எடுப்பதற்காக அவரைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிட்டார்கள். ஒருக்களித்து விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் கழுத்தும் இடது தோளும் பிடித்துக்கொண்டு, ஸ்கூட்டரில் போகும்போது திரும்பிப் பார்க்க முடியாமல், வாரக்கணக்கில் பேருந்தில் வேலைக்குப் போய்வந்தார்.

கழுத்து தேறிவிட்டது. அதன் பிறகு எங்களிடம் வந்தபோது நான் கண்டது வேறு. அதோமுக சுவானாசனத்தில் இரு கைகளையும் இரு கால்களையும் ஊன்றி நிற்கும்போதுகூட, பின்னாலிருந்து யாராவது நடந்து வரும் காலடி ஓசை கேட்டால் அவருடைய தோள்கள் இரண்டும் காதை நோக்கி ஏறிவிடும். விரல் நுனிகள் பாயைப் பற்றிக்கொள்ளும். "மாஸ்டர், பின்னால மட்டும் வராதீங்க" என்று அவரே ஒரு நாள் சொன்னார். தொடக்கத்தில் அவருக்கு இருந்தது பழக்கமின்மையால் வரும் சாதாரணத் தயக்கம். சில வாரங்களில் கரைந்திருக்கும். காலைப் பிடித்துத் தூக்கியவர்கள் அதை உடலில் பதிந்த அச்சமாக மாற்றிவிட்டார்கள். பாதி உயரம்கூட இல்லாத ஆசனங்களுக்கு அவரைத் திரும்ப அழைத்து வருவதற்கே நெடுங்காலம் ஆயிற்று. அத்தனை நாளும் நான் அவருக்கு முன்னால், அவர் கண்ணில் படும் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், தொடவே இல்லை.

இரண்டாவது உத்தி, சுவரை நோக்கிக் காலை எகிறி உதைப்பது. சுவரை நான் குறை சொல்லவில்லை. இரு சுவர்கள் சேரும் மூலை தொடக்கக்காரருக்கு நல்ல துணை. ஆனால் உதைத்து ஏறுகிறவருக்கு ஏறும் வழியில் எந்த இடத்திலும் நிற்கத் தெரியாது; நிற்கத் தெரியாதவருக்கு அதே வழியில் இறங்கவும் தெரியாது. உதைக்கும் கணத்தில் முன்கைகளின் அழுத்தம் தளர்ந்து, உடலின் எடை சட்டென்று கழுத்தில் இறங்குகிறது. கழுத்தில் இருக்கும் ஏழு முள்ளெலும்புகளும் தலையைத் தாங்குவதற்காக அமைந்தவை. முழு உடலையும் திடீரென்று வாங்கிக்கொள்வதற்காக அமைந்தவை அல்ல.

ஆகவே எங்கள் வகுப்பில் வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். முதலில் முழங்கைகளைத் தோள் அகலத்தில் ஊன்றி, விரல்களைக் கோத்து, இடுப்பை உயர்த்தி, கால்கள் தரையில் இருக்கும்படி நிற்க வேண்டும். அந்த நிலையில் முன்கைகளை அழுத்தினால் உச்சந்தலைக்கும் பாய்க்கும் இடையில் ஒரு செய்தித்தாளை நுழைத்து எடுக்க முடிய வேண்டும். முடியாதவர்கள் அங்கேயே பழகட்டும். முடிந்தவர்கள் பாதங்களை முகத்தை நோக்கி நடத்தி வந்து, ஒரு முழங்காலை மட்டும் மார்போடு மடக்கி, ஒரு மூச்சு நின்று, திரும்ப வைக்கலாம். பிறகு இரு முழங்கால்களும். அந்த மடக்கிய நிலையில் ஒரு சாண் உயர்த்தி மெதுவாக இறக்குவது, மீண்டும் உயர்த்தி இறக்குவது என்று பல நாள் போகும். கால்களை நிமிர்த்துவதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்பது எங்கள் எழுதாத விதி. பாதம் தரையைத் தொடும்போது ஓசை வந்தால் அந்த இறக்கம் கணக்கில் சேராது.

அதோடு விழவும் பழக்குகிறோம். கட்டாந்தரையில் ஜமுக்காளமும் அதன் மேல் மெத்தையும் விரித்து, பின்பக்கம் சாயும்போது கோத்த விரல்களை விடுவித்து, தாடையை மார்போடு சேர்த்து, முழங்கால்களை மடக்கி, முதுகை வளைத்து உருள வேண்டும். வைகை மணலில் குட்டிக்கரணம் அடித்து வளர்ந்தவர்களுக்கு இது பத்து நிமிடப் பாடம். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் எலும்பு பலம் குறைந்தவர்களும் உருளவும் கூடாது, தலையில் எடை ஏற்றவும் கூடாது. மற்றவர்கள் சில தடவை உருண்டு எழுந்த பிறகு அவர்களுடைய முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு முந்திய வாரம் முடியவே முடியாது என்று சொன்னவர் தாமாகவே காலை எடுக்கிறார்.

இதே முறை மற்ற ஆசனங்களுக்கும் பொருந்தும். உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கால்களை மேல்கைகளில் ஏற்றி நிற்கும் பகாசனத்தில் பயம் மூக்குக்கு. முன்னால் ஒரு தலையணையைப் போட்டு, பார்வையைக் கால் விரல்களில் வைக்காமல் ஒரு முழம் முன்னால் தரையில் வைத்தால் எடை தானாக முன்னே வரும். மல்லாந்து படுத்து உடலை வில்லாக வளைத்து எழும் சக்கராசனத்தில் ஏறுவதற்கு முன், தாடையை மடக்கி, பின்தலையும் தோள்களும் முதலில் தரையைத் தொட, முதுகு ஒவ்வொரு கண்ணியாகப் படியும்படி இறங்கத் தெரிந்திருக்க வேண்டும். தொப்பென்று இடுப்பைப் போடுகிறவருக்கு அடுத்த நாள் அந்த ஆசனத்தின் மேல் வெறுப்பு வருவதில் வியப்பில்லை.

வலியையும் பயத்தையும் ஒன்றாகக் கொள்வது

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஆசனத்தின் உயரத்தையோ ஆழத்தையோ பாதியாகக் குறைத்துப் பாருங்கள். குறைத்த உடனே தொல்லை மறைந்து, தொண்டை வறட்சி நீங்கி, மூச்சு திரும்பினால் அது பெரும்பாலும் பயம், படிப்படியாக அணுகலாம். குறைத்த பின்னும் அதே இடத்தில் குத்தினால் அது உடலின் செய்தி. தசையின் நடுப்பகுதியில் பரவலாக இழுப்பது போன்ற உணர்வு இயல்பானது. மூட்டுக்குள் குத்துவதும், கழுத்திலிருந்து கை வழியாக மின்சாரம் பாய்வது போல இறங்குவதும், விரல்கள் மரத்துப்போவதும் அப்படியல்ல. அந்த நாளின் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். "அதெல்லாம் மனப் பிரமை, தாண்டிப் போங்கள்" என்று சொல்லும் ஆசிரியரிடமிருந்து விலகிக்கொள்வது நல்லது.

மூச்சை அடக்கிக்கொண்டு முயல்வது

புதியவரிடம் பயம் முதலில் தெரியும் இடம் மூச்சு. காலை எடுப்பதற்கு முன்பே மூச்சு நின்றிருக்கும். அவருக்கே அது தெரியாது. அடக்கிய மூச்சோடு திமிறும்போது இரத்த அழுத்தம் ஏறுகிறது, முகம் சிவக்கிறது, உடல் முழுவதும் விறைக்கிறது. நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைச் சற்றுத் தணிக்கும். ஆகையால் கடினமான அசைவுகளை வெளிமூச்சில் தொடங்கச் சொல்கிறோம். ஹனுமானாசனம் போலக் கால்களை நீட்டும் ஆசனங்களில் இன்னொரு காரணமும் உண்டு. தசையைச் சட்டென்று இழுத்தால் அது தன்னைக் காத்துக்கொள்ள அனிச்சையாகச் சுருங்கும். மெதுவாக, மூச்சோடு போனால்தான் விட்டுக்கொடுக்கும். பதஞ்சலி ஆசனத்துக்கென்று ஒதுக்கியவை மூன்றே சூத்திரங்கள். அவற்றில் ஒன்று முயற்சியைத் தளர்த்தச் சொல்வது. பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்பவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

பக்கத்துப் பாயைப் பார்ப்பது

பார்க்காதீர்கள்.

வசதியான பக்கத்திலேயே தொடங்குவது

எல்லோருக்கும் ஒரு பக்கம் இளகியும் மற்றது இறுகியும் இருக்கும். மனம் இளகிய பக்கத்தில் தொடங்கி அங்கேயே நேரத்தைச் செலவழித்துவிட்டு, மற்ற பக்கத்துக்கு வரும்போது களைப்பாக இருக்கிறது என்று முடித்துக்கொள்ளும். மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் நடராசர் மற்ற தலங்களைப் போல இடக்காலைத் தூக்காமல் வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். ஒரே காலில் ஆடினால் வலிக்குமே என்று பாண்டியன் வேண்டிக்கொண்டதால் கால் மாறினார் என்பது திருவிளையாடற் கதை. நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் உடனே பிடிபடுகிறது. இறுகிய பக்கத்தில் தொடங்குங்கள். முடிந்தால் கடைசியில் ஒரு முறை அதற்கே திரும்பி வாருங்கள்.

தரையின் குற்றத்தை மனத்தின் மேல் போடுவது

வழவழப்பான டைல்ஸ் தரையில் மலிவான பிளாஸ்டிக் பாய் நகரும். பாய் நகர்வதை உள்ளங்கை உணர்ந்துவிட்டால் மனம் அந்த ஆசனத்துக்குச் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது. அக்கினி நட்சத்திர நாட்களில் மதுரையில் காலை ஏழு மணிக்கே மொட்டை மாடி காயத் தொடங்கிவிடும். வியர்த்த கைகளோடு, உள்ளங்கைகளில் உடலைத் தாங்கும் மயூராசனமோ பகாசனமோ முயன்றால் வழுக்கும். பருத்தித் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துடைத்துவிட்டுச் செய்யுங்கள், அல்லது அந்த வாரங்களில் இவற்றை விட்டுவிட்டு அமர்ந்து செய்யும் ஆசனங்களுக்குப் போய்விடுங்கள். தமக்குத் தைரியம் இல்லை என்று வருந்திக்கொண்டிருந்த இளைஞர் ஒருவருக்குப் பாயை மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டது.

கைப்பேசியை எதிரில் நிறுத்தி வைப்பது

தவறு எங்கே என்று பார்க்க எடுத்தால் சரி. மற்றபடி வேண்டாம்.

மருத்துவர் தடுத்ததை மனத்தடை என்று நினைப்பது

கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், விழித்திரைப் பிரச்சினை, கழுத்து வட்டுப் பிதுக்கம் உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனங்கள் ஆகாது. சிரசாசனத்தில் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியில்லாமல் வளர்வதால் தமக்கு அது இருப்பதே பலருக்குத் தெரியாது. அதனால் நாற்பது வயதைக் கடந்த எவரையும், கண்ணைப் பரிசோதித்து வராமல் தலைகீழாக நிற்க நாங்கள் விடுவதில்லை. "பயப்படறேன்னு நினைச்சுக்கிட்டீங்களா சார்?" என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும், சீட்டைக் கொண்டுவந்து காட்டிய பிறகு முன்கைகளை ஊன்றி நிற்கும் முதல் நிலையிலிருந்து தொடங்கலாம். சீட்டில் வேண்டாம் என்று எழுதியிருந்தால், கால்களைச் சுவரில் சாய்த்துத் தரையில் மல்லாந்து படுக்கும் விபரீத கரணியை மட்டும், அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, சொல்லித் தருகிறோம்.