புறநகரின் வருமானக் கணக்கு: வளர்ந்தவர் யார், வந்தவர் யார்

கோவையைச் சுற்றிய சரவணம்பட்டி, கீரணத்தம், வடவள்ளி, திருப்பூரைச் சுற்றிய பல்லடம், அவிநாசிப் பக்கம் என்று எங்கும் தோட்டம் சைட்டாகி, சைட் வீடாகிக்கொண்டிருக்கிறது. இப்படி ஓர் ஊரின் மக்கள்தொகையும் வருமானமும் எப்படி மாறின என்று குடியிருப்போர் சங்கமோ கல்லூரிக் குழுவோ கணக்கெடுக்க இறங்கினால், முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்: பழைய குடிகளின் வருமானம் கூடியதா, இல்லை கூடுதல் வருமானக்காரர்கள் குடிவந்தார்களா?

ஒரு கற்பனைக் கணக்கு. நூறு வீடு, மாதம் தலா 18,000 ரூபாய். பத்து ஆண்டில் 80,000 ரூபாய் வாங்கும் அறுபது குடும்பங்கள் அபார்ட்மெண்டுக்கு வருகின்றன. விலைவாசியைக் கழித்த பிறகு பழைய நூறு வீட்டுக்கும் காலணா கூடவில்லை. ஆனாலும் சராசரி 41,250 ஆகிவிடுகிறது. இடைநிலை அளவு, அதாவது எல்லா வீட்டு வருமானத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகை, அதே 18,000-இல் நிற்கிறது. அதனால் சராசரியை மட்டும் எழுதாதீர்கள். கேள்வித்தாளின் முதல் கேள்வி "இந்த ஊருக்கு எந்த வருஷம் வந்தீங்க?" என்று இருக்கட்டும். கடைசி அட்டவணை அந்த ஆண்டுவாரியாகத்தான் பிரியும்.

ஒப்பிட அடிப்படை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராம, வார்டு அட்டவணைகள். தொழிலாளர் வகை, 0-6 வயதுக் குழந்தைகள், வீட்டிலுள்ள டூவீலர், கார், கழிப்பறை, வங்கிக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. வருமானம் கேட்கப்படவில்லை, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எல்லை மாறியதுதான் பெரிய வில்லங்கம். திருப்பூர் மாவட்டம் 2009-இல் பிரிந்தது. குறிச்சி, குனியமுத்தூர், வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி எல்லாம் 2011-இல் கோவை மாநகராட்சிக்குள் வந்தன. பழைய பேரூராட்சி எண்ணையும் இன்றைய வார்டு எண்ணையும் நேருக்கு நேர் வைத்தால் கணக்கு கந்தலாகும். இரண்டு வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பொதுவான பரப்பை மட்டும் எடுங்கள்.

அரசுப் பதிவேடுகளை அளவோடு நம்புங்கள். வீட்டுவரிப் பதிவேட்டில் பத்து லைன் வீடு (வரிசையாகக் கட்டிய சிறு வாடகை வீடுகள்) ஒரே உரிமையாளர் பெயரில் ஒரே பதிவாகக் கிடக்கலாம். சொத்துவரி 2022-இல் உயர்த்தப்பட்டது, அதனால் வசூல் கூடியதை வளமாகப் படிக்கக் கூடாது. ரேஷன் அட்டை வகையும் உதவாது: தமிழ்நாட்டில் முன்னுரிமையற்ற அட்டைக்கும் அரிசி உண்டு, வடமாநிலத் தொழிலாளர் பலரின் அட்டை அவரவர் ஊரிலேயே இருக்கிறது.

ஆகவே களத்தில் முதல் வேலை, கதவை அல்ல, அடுப்பை எண்ணுவது. ஒரே சமையலில் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். ஓர் அறையில் தங்கிச் சேர்ந்து சமைக்கும் நான்கு பனியன் கம்பெனிப் பையன்களும் அப்படித்தான், ஆனால் தனிக் குறியீடு கொடுங்கள். அவர்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தையும் தனியே கேளுங்கள். 2,000 அடுப்பு இருந்தால், 'எத்தனை சதவீதம் பேர்' என்ற வகைக் கணக்குக்கு, ஐந்து சதவீதம் கூடக்குறைய இருக்கும் துல்லியத்துக்குச் சுமார் 322 போதும். பட்டியலை லைன் வீடு, தனி வீடு, அபார்ட்மெண்ட் என்று அடுக்கி, 1 முதல் 6 வரை சீட்டுப் போட்டு ஓர் எண்ணில் தொடங்கி, ஒவ்வொரு ஆறாவது அடுப்பையும் எடுங்கள். ஆள் இல்லையென்றால் மூன்று முறை போங்கள். பக்கத்து வீட்டைப் பதிலுக்குச் சேர்த்தால் பகலில் வீட்டில் இருப்பவர்களின் கணக்காகவே முடியும்.

"மாச வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் உண்மை வராது. சம்பாதிக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, போன வாரம் எத்தனை ஷிப்ட், ஷிப்டுக்கு எவ்வளவு, பீஸ் ரேட்டா, ஆர்டர் இல்லாத மாதம் எத்தனை என்று கேளுங்கள். விசைத்தறிக்காரரிடம் மீட்டர் கூலியைக் கேட்டு, மின்கட்டணம், கூலியாள் செலவைக் கழியுங்கள். தோட்டம் விற்ற பணம் வருமானம் அல்ல. அதன் வட்டி, வாடகை மட்டுமே வருமானம். இந்த இடத்தில் கோட்டைவிட்ட கணக்கெடுப்பை அப்படியே குப்பையில் போடலாம். தீபாவளி போனஸ் வாரத்திலும், பொங்கலுக்கு ஊர் காலியாகும் நாளிலும் போகாதீர்கள். லைன் வீட்டுக்கு ஞாயிறு காலை நல்லது. அபார்ட்மெண்டுக்குச் சங்கத்தின் கடிதம் இல்லாமல் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார்.

பழைய தொகையோடு ஒப்பிட, மத்திய அரசின் லேபர் பீரோ கோவைக்கெனத் தனியாக வெளியிடும் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைப் பயன்படுத்துங்கள். அதன் அடிப்படை ஆண்டு 2001-லிருந்து 2016-க்கு மாறியிருக்கிறது. புதிய குறியீட்டெண்ணை, இரண்டு தொடரையும் ஒட்டவைக்கும் இணைப்புக் காரணியால் பெருக்காமல் வகுத்தால் விலைவாசி விழுந்துவிட்டதுபோல் விடை வரும்.

வெளியிடும்போது பத்துக் குடும்பத்துக்குக் குறைவான வீதியைப் பக்கத்து வீதியோடு சேர்த்துவிடுங்கள். தெருப் பெயரைப் பார்த்ததும் அது யார் வீட்டு வருமானம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அடுத்த முறை யாரும் கதவு திறக்க மாட்டார்கள்.