முதல் மருந்துக்கு முன்னரே பேச வேண்டியவை

வன்னியிலிருந்து தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செல்லும் இளவயதினருடன் பெரும்பாலும் தாயோ அண்ணனோ வருவதால், சிகிச்சையளிக்கும் நாம் பிள்ளைப்பேறு, பாலுறவு பற்றி நோயாளியிடம் பேசுவதற்கு முன், "தம்பியுடன் சிறிது நேரம் தனியே கதைக்க வேண்டும், எல்லோருடனும் இப்படித்தான் கதைப்போம்" என்று கூறி, உறவினரை மரியாதையுடன் வெளியே அமரச் செய்யுங்கள்.

இவ்வுரையாடல் முதல் மருந்து ஏற்றப்படுவதற்கு முன்னரே நிகழ வேண்டும். சைக்ளோபொஸ்பமைட் போன்ற புற்றுநோய் மருந்துகளும் இடுப்புப் பகுதிக்கான கதிர்வீச்சும் பெண்களின் சூலகங்களையும் ஆண்களின் விதைகளையும் பாதித்து, பிள்ளை பெறும் திறனைக் குறைக்கக்கூடியவை. விந்தணுவை உறையவைத்துச் சேமிப்பதற்குரிய காலமும் முதல் மருந்துக்கு முந்திய அந்நாட்களே. அவ்வசதி தொலைவில் இருந்தாலும், செலவு மிகுந்ததாயினும், அப்படியொரு வழி உண்டென்பதை மறைக்க நமக்கு உரிமையில்லை.

"கலியாணம் ஆகாத பிள்ளையிடம் இதையா கேட்பது?" என்ற தயக்கம், என் கணிப்பில், நோயாளியை விட நமக்கே அதிகம். துணை உண்டா என்று இயல்பாகக் கேளுங்கள். மாதவிடாய் நின்றிருந்தாலும் கரு உருவாகலாம் என்பதையும், சிகிச்சைக் காலத்தில் கருத்தடை அவசியம் என்பதையும், மருந்து ஏற்றிய பின் சில நாட்களுக்கு உடல் திரவங்களில் அது கலந்திருக்கக்கூடும் என்பதால் ஆணுறை தேவை என்பதையும் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். யோனி வறட்சி, விறைப்புக் குறைவு, ஆசைக் குறைவு ஆகியவற்றை நீங்களே பெயர் சொல்லித் தொடங்கினால்தான் அவர்கள் வாய் திறப்பார்கள்.

ஊரின் குடும்பநல உத்தியோகத்தருக்கு அக்குடும்பம் முழுவதுமே பழக்கமாயிருக்கும். ஆகவே நோயாளியின் சம்மதமின்றி அவரிடமும் எதையும் பகிர வேண்டாம்.