சிங்கப்பூர் மாமியார் வீட்டுக்குச் சின்னப் பிள்ளையோடு போகிறீர்களா?

பிள்ளைக்கு இரண்டு வயசு முடிகிற தேதியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் டிக்கெட் பாருங்கள். இரண்டு வயசுக்குள் என்றால் மடியில் வைத்துக்கொண்டு போகலாம், கட்டணமும் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கணக்கு திரும்பி வருகிற நாளுக்கும் சேர்த்து. அங்கே இருக்கும்போது பிறந்தநாள் வந்துவிட்டால் வருகிற வழிக்குத் தனி சீட்டு வாங்கியே ஆகவேண்டும். நாங்கள் திருச்சியிலிருந்து கிளம்பியபோது பையனுக்கு ஒரு வயசு பதினொரு மாசம். "பிறந்தநாளை இங்கேயே கொண்டாடிட்டுப் போங்க" என்று அத்தை போனில் கேட்டதும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, ராத்திரி டிக்கெட் விலையைப் பார்த்து முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்திய பாஸ்போர்ட் என்றால் பிள்ளைக்கும் தனி பாஸ்போர்ட், தனி விசா. ஏஜென்ட் மூலம் போடலாம்; அல்லது அங்கே குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ள சொந்தக்காரர் தன் சிங்பாஸ் (அந்த ஊர் அரசாங்க ஆன்லைன் அடையாள) கணக்கிலிருந்து போடலாம். எங்களுக்கு நாத்தனார் போட்டார், தலைக்கு 30 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பாஸ்போர்ட்டில் ஆறு மாசமாவது பாக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முன், இறங்குகிற நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாளுக்குள் 'எஸ்ஜி அரைவல் கார்டு' என்கிற வருகைப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், பிள்ளைக்கும்தான். அது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசாங்கத்துடையது இல்லை, மூடிவிடுங்கள்.

அப்புறம் மூட்டை. மாமியார் வீட்டிலிருந்து ஒரு பட்டியல் வரும், வராமல் இருக்காது. முறுக்கு, வடகம், அப்பளம், மிளகாய்த்தூள் எல்லாம் சரி. கசகசா கேட்டால் மட்டும் அன்பாக மறுத்துவிடுங்கள், அந்த ஊரில் அது போதைப்பொருள் கணக்கில் வரும். வாயில் அடக்குகிற புகையிலைக்கும் தடை. மாமாவுக்கு அது வருத்தம்தான், என்ன செய்ய? சூயிங்கம் 1992-லிருந்தே கிடையாது. பிள்ளைக்கு டாக்டர் கொடுத்த இருமல் மருந்தில் கோடீன் இருந்தால் முன்அனுமதி தேவைப்படலாம் என்பதால், மருந்துச் சீட்டைக் கையோடு வைத்துக்கொண்டு லேபிளையும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். காய்ச்சல் சிரப்பை இங்கேயே வாங்கிப் பெட்டியில் போடுங்கள், பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லி என்று டாக்டரிடம் கேட்டு பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு கூகுளில் தேடுகிற வேலை மிச்சம். சார்ஜருக்கு மூன்று சதுரக்கால் பிளக் அடாப்டர் ஒன்று.

விமானம் நாலு மணி நேரம்தான். ராத்திரி விமானம் என்றால் தூங்கிவிடுவான் என்று எல்லாரும் சொல்வார்கள், நம்பாதீர்கள். விளக்கு, மணிச்சத்தம், பக்கத்து சீட்டுத் தாத்தாவின் மீசை என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்து, இறங்குவதற்கு இருபது நிமிஷம் இருக்கும்போதுதான் கண் சொருகும். ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும் என்பதால் பாலோ தண்ணீரோ விழுங்கக் கொடுங்கள். கைப்பையில் திரவத்துக்கு இருக்கிற 100 மில்லி விதி பிள்ளையின் பாலுக்கும் உணவுக்கும் பொருந்தாது, பயணத்துக்குத் தேவையான அளவை எடுத்துக்கொண்டு சோதனையில் தனியாகக் காட்டினால் போதும். மாற்று உடை அவனுக்கு இரண்டு, உங்களுக்கு ஒன்று. உங்களுடையதைத்தான் மறப்பீர்கள்.

அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். ஊரில் எட்டரைக்குத் தூங்குகிற பிள்ளை அங்கே பதினொரு மணிக்குத்தான் தூங்கும். பத்து நாள் பயணத்துக்கு அதை மாற்ற நான் மெனக்கெடவில்லை, தாத்தாவோடு ராத்திரி டிவி பார்க்க அவனுக்கு அது வசதியாகவும் போயிற்று.

வீட்டுக்குள் போனதும் முதல் வேலை, உங்கள் கணவரைத் தரையில் மண்டிபோடச் சொல்லி அந்த உயரத்திலிருந்து வீட்டைப் பார்க்கச் சொல்வது. வீவக வீட்டில் (அரசாங்க அடுக்குமாடி வீடு) ஒன்பதாவது மாடி, சன்னலுக்குப் பூட்டு இருக்கிறதா? சன்னல் ஓரத்தில் ஏறி நிற்கிற மாதிரி நாற்காலி கிடக்கிறதா? சாமி மாடத்து விளக்கு, தீப்பெட்டி, மாமாவின் பிரஷர் மாத்திரை டப்பா எங்கே? இதைக் கணவர்தான் செய்ய வேண்டும். நீங்கள் "அந்த மாத்திரையை மேலே வைங்க அத்தை" என்றால் அது குறை சொல்வது, மகன் அதையே சொன்னால் பிள்ளைமேல் அக்கறை. அநியாயம்தான், ஆனால் பத்து நாளில் அதைத் திருத்தப் போவதில்லை.

சாப்பாட்டுச் சண்டையும் வரும். எங்கள் அத்தைக்கு ஆயுதம் மைலோ, அந்தச் சாக்லேட் பானம். காலையில் ஒரு டம்ளர், கீழே காப்பிக்கடையில் காயா (தேங்காய்ப்பால் ஜாம்) ரொட்டியோடு இன்னொன்று, "புள்ள இளைச்சிருக்கான்" என்று சாயங்காலம் மூன்றாவது. பையன் சோற்றைத் தொடவில்லை. மூன்றாவது நாள் நான் ஒரு பேரத்துக்கு வந்தேன்: காலை மைலோ அப்பாயி உரிமை, மதியச் சோறு என் உரிமை. அந்தச் சோற்றையும் அப்பாயியே ஊட்டட்டும் என்றதும் பிரச்சினை பாதி தீர்ந்தது. முதல் இரண்டு நாள் அவன் அப்பாயியிடம் போகாமல் அழுதான், அதற்கு அவர் முகம் வாடியது பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கிளம்புவதற்கு ஒரு மாசம் முன்பிருந்தே தினமும் வீடியோவில் பேசவைத்திருக்கலாம்.

வெளியே போவது ஒரு நாளைக்கு ஒரு இடம், அதுவும் காலையில். என்னுடைய பதினொரு இடப் பட்டியலில் மூன்றுதான் பார்த்தோம். தாவரப் பூங்காவுக்குள் இருக்கிற ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம் இலவசம், தண்ணீர், மண் எல்லாம் உண்டு. திங்கட்கிழமை மூடியிருக்கும், பிள்ளை இல்லாமல் பெரியவர்களை உள்ளே விடமாட்டார்கள். தேக்கா சந்தைக்கு மாமாவோடு காலையிலேயே அனுப்பிவிடுங்கள், மீன் கடை ஒன்றே அவனுக்குப் போதும்.

90 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் ரயிலிலும் பஸ்ஸிலும் பிள்ளைக்குக் கட்டணமில்லை. தள்ளுவண்டியை மடக்காமலே பஸ்ஸில் ஏற்றலாம், 2017-லிருந்து அனுமதி. கார் கூப்பிடும்போது மட்டும் கவனம்: 1.35 மீட்டருக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் காரில் குழந்தைக்கான தனி இருக்கை (சைல்டு சீட்) கட்டாயம். டாக்சிக்கு விலக்கு உண்டு, கிராப் மாதிரி தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது. இது தெரியாமல் நாங்கள் புளோக் வாசலில் நின்று டிரைவரிடம் கெஞ்சி, அவர் முடியாது என்று போய்விட்டார். அவர் செய்தது சரிதான்.

கடைசி மூன்று நாளில் ஒரு மாலையாவது பிள்ளையை அவர்களிடம் விட்டுவிட்டு நீங்கள் இருவர் மட்டும் கிளம்புங்கள். அதற்கு முன்னால் வேண்டாம், பழகட்டும். நாங்கள் முஸ்தபா கடைக்குப் போய் மூன்று மணி நேரம் சுற்றி, பெரும்பாலும் அவனுக்கே துணி வாங்கிக்கொண்டு திரும்பினோம். அவன் எங்களைத் தேடவே இல்லையாம்.

திரும்பும்போது பெட்டியில் ஏழு கிலோவாவது காலியாக வைத்திருங்கள். எங்கள் பெட்டியைத் திருச்சியில் திறந்தபோது அடியில் இரண்டு மைலோ டின்.