எழுத்தாளரைப் பேட்டி எடுப்பது எப்படி? முதல்முறை எடுப்பவர்களுக்கு ஒரு செய்முறை

நல்ல நாவல் ஒன்றைப் படித்து முடித்ததும் அதை எழுதியவரிடம் கேட்க நமக்குள் நாலைந்து கேள்விகளாவது எழும். அந்தக் கேள்விகளை அவரிடமே கேட்டு, பதிலை மற்றவர்களும் படிக்கும்படி எழுதிக் கொடுக்க முடியும். அதற்குப் பத்திரிகையாளராக இருக்க வேண்டியதில்லை. புத்தகத்தை ஊன்றிப் படித்திருக்க வேண்டும், கொஞ்சம் முன்தயாரிப்பு வேண்டும், அவ்வளவுதான். சில ஆண்டுகளாகப் பேட்டி எடுத்துப் பழகியதில் நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: யாரிடம் பேசுவது?

பெரிய பெயராகத் தேடிப் போகாதீர்கள். எந்தப் புத்தகம் உங்களை இரண்டு நாள் வேறு வேலை பார்க்கவிடாமல் செய்ததோ, அதை எழுதியவரைத் தேர்ந்தெடுங்கள். முதல் புத்தகமோ இரண்டாவது புத்தகமோ வெளியிட்டவர் என்றால் இன்னும் நல்லது. விருது வாங்கியவர் ஒரே கேள்விக்குப் பல இடங்களில் பதில் சொல்லிச் சலித்திருப்பார். அவரிடமிருந்து புதிதாக ஒன்றை வாங்க அனுபவம் வேண்டும். புதிதாக எழுத வந்தவரிடம் யாரும் இன்னும் விரிவாகக் கேட்டிருக்க மாட்டார்கள். அவருக்கும் பேச நிறைய இருக்கும்.

படி 2: இரண்டு முறை படியுங்கள்

முதல் முறை சாதாரண வாசகராகப் படியுங்கள். குறிப்பு எடுக்க வேண்டாம். இரண்டாவது முறை பென்சிலோடு உட்காருங்கள். எங்கே நின்றீர்கள், எங்கே குழம்பினீர்கள், எந்த வரியைத் திரும்பப் படித்தீர்கள் என்று பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். பக்க எண் மிக முக்கியம். நல்ல கேள்வி எப்போதும் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்துதான் கிளம்பும்.

ஒரு நாவல் என்று வைத்துக்கொள்வோம். 83ஆம் பக்கத்தில் அப்பா இறந்த செய்தி வருகிறது. அடுத்த வரியில் மகள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் அழுகை இல்லை, ஒரு பெருமூச்சுகூட இல்லை. என் குறிப்பேட்டில் இது இப்படி இருக்கும்: "ப. 83: சாவுச் செய்தி, உடனே துணி மடிப்பு. நடுவில் ஒன்றுமே இல்லை. ஏன்?" இந்த ஒரு குறிப்பை வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை இது நம்மோடு வரும்.

அப்புறம், அவருடைய முந்தைய புத்தகம் ஒன்றையாவது படித்துவிடுங்கள். அவர் ஏற்கெனவே கொடுத்த பேட்டிகள் கிடைத்தால் அவற்றையும் படியுங்கள். எந்தக் கேள்விகளை விட்டுவிடலாம் என்று அவை சொல்லும். பாதியில் நிற்கும் பதில்களும் அவற்றில் இருக்கும். நீங்கள் அங்கிருந்து தொடரலாம்.

படி 3: அனுமதி கேட்பது

சுருக்கமாக எழுதுங்கள். புகழ்ந்து பத்தி பத்தியாக எழுதினால் அவருக்குப் பதில் எழுதவே கூச்சமாக இருக்கும். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி:

"வணக்கம். உங்கள் நாவலை இரண்டு முறை படித்தேன். 83ஆம் பக்கத்தில் மகள் துணி மடிக்கும் இடம் இன்னும் மனதில் இருக்கிறது. இந்த நாவலை எழுதிய விதம் பற்றி உங்களிடம் பேச விரும்புகிறேன். நேரிலோ தொலைபேசியிலோ ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பேச்சை ஒலிப்பதிவு செய்துகொள்ள உங்கள் அனுமதி வேண்டும். எழுதி முடித்ததும் வெளியிடுவதற்கு முன் உங்களுக்கு அனுப்புகிறேன். உங்களுக்கு வசதியான நாளைச் சொல்லுங்கள்."

புத்தகத்தை உண்மையாகவே படித்தவர் என்பது இரண்டாம் மூன்றாம் வரியிலேயே தெரிந்துவிடும். எவ்வளவு நேரம், எப்படிப் பதிவு, வெளியிடுவதற்கு முன் காட்டுவீர்களா என்பதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது. பதில் வரவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் தொந்தரவு செய்ய வேண்டாம்.

படி 4: கேள்விகளைத் தயார்செய்வது

பேட்டி நன்றாக வருவதும் வராததும் பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"உங்களுக்கு எழுத்தில் ஆர்வம் எப்படி வந்தது?", "உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார்?", "இளம் எழுத்தாளர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" இவை மூன்றும் எந்த எழுத்தாளரிடமும் கேட்கக்கூடிய கேள்விகள். புத்தகத்தைத் திறக்காதவர்கூடக் கேட்கலாம். வரும் பதிலும் அப்படியே பொதுவாக இருக்கும்.

இப்போது 83ஆம் பக்கத்துக்கு வருவோம். "துயரத்தை எப்படிக் கையாள்கிறீர்கள்?" என்று கேட்டால் அவர் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றுவார். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "சாவுச் செய்திக்கும் துணி மடிப்பதற்கும் நடுவில் ஒரு வரிகூட இல்லையே. முதலில் எழுதியபோதே அப்படித்தான் இருந்ததா, இல்லை பிறகு எடுத்தீர்களா?" இதற்கு அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போய், அன்றைக்கு என்ன செய்தோம் என்று நினைத்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். வாசகர்களுக்கு வேண்டியதும் அந்தப் பதில்தான்.

ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேளுங்கள். புதிதாகப் பேட்டி எடுப்பவர்கள் பதற்றத்தில் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கோத்துவிடுவார்கள். எழுத்தாளர் அதில் எளிதானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். "ஆமாம்", "இல்லை" என்று முடிந்துபோகும் கேள்விகளையும் மாற்றி எழுதுங்கள்.

"இது உங்கள் சொந்தக் கதையா?" என்று கேட்க எல்லோருக்கும் ஆசை வரும். நேராகக் கேட்காதீர்கள். அவருடைய வீட்டில் உள்ளவர்களும் அந்தப் பேட்டியைப் படிப்பார்கள். "இந்தப் பாத்திரத்தை உருவாக்கும்போது உங்களுக்குத் தெரிந்த மனிதர்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டீர்கள், எதை வேண்டாம் என்று விட்டீர்கள்?" என்று கேட்டால் எவ்வளவு சொல்வது என்பது அவர் கையில் இருக்கும். பெரும்பாலும் நாம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே சொல்வார்.

ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு கேள்விகள் எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஆறோ ஏழோதான் கேட்க முடியும். மிச்சம் இருப்பதற்காக வருத்தப்பட வேண்டாம். எளிதானதை முதலில் வையுங்கள். முடிவுகளைப் பற்றியோ, விமர்சனம் எழுந்த இடங்களைப் பற்றியோ கேட்பதைப் பேச்சு சூடுபிடித்த பிறகு வையுங்கள்.

படி 5: நேரிலா, தொலைபேசியா, மின்னஞ்சலா?

நேரில் பேசுவதுதான் என் விருப்பம். ஆனால் எல்லோருக்கும் பேச்சு இயல்பாக வராது. 'லோலிடா' நாவலை எழுதிய விளாதிமிர் நபக்கோவ் கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்பச் சொல்லி, பதிலையும் எழுதியே கொடுத்தவர். அப்படிப்பட்டவர்களிடம் மின்னஞ்சல்தான் சரி. ஆனால் இருபது கேள்விகளை ஒரேயடியாக அனுப்பிவிடாதீர்கள். மூன்று அனுப்புங்கள், பதில் வந்ததும் அதிலிருந்து அடுத்த மூன்றை எழுதுங்கள். அப்போதுதான் அது உரையாடலாக இருக்கும். இல்லையென்றால் படிவம் நிரப்பியதுபோல் ஆகிவிடும்.

படி 6: ஒலிப்பதிவு

இரண்டு கருவிகளில் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் ஒரே ஒரு ஃபோனை நம்பிப் போனேன். நடுவில் ஓர் அழைப்பு வந்தது, பதிவு அங்கேயே நின்றுவிட்டது, எனக்குத் தெரியவே இல்லை. இருபது நிமிடப் பேச்சு போனது போனதுதான். அந்த இருபது நிமிடத்தில்தான் அவர் தன் முதல் வாசகியான அக்காவைப் பற்றிச் சொன்னார். திரும்பக் கேட்டபோது நாலு வரியில் முடித்துவிட்டார். இன்றைக்கும் நினைத்தால் மனது கனக்கிறது.

அதனால் ஃபோனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். சார்ஜ், பதிவைச் சேமிக்க ஃபோனில் உள்ள இடம் இரண்டையும் பாருங்கள். ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து, போட்டுக் கேட்டுப் பாருங்கள். மின்விசிறிச் சத்தம் நாம் கேட்பதைவிட மைக்குக்கு அதிகமாகக் கேட்கும். பதிவு தொடங்கியதும் "பதிவு செய்யலாமா?" என்று இன்னொரு தடவை கேட்டு, அவர் சரி என்று சொல்வதையும் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியல் கார்சியா மார்க்கேஸ் பத்திரிகையாளராகவும் இருந்தவர். ரெக்கார்டர் ஓடுகிறது என்று தெரிந்ததுமே பேசுபவரின் போக்கு மாறிவிடும் என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். குறிப்புகூட எடுக்காமல் நெடுநேரம் பேசிவிட்டு, பிறகு நினைவிலிருந்து எழுதுவதே சிறந்தது என்பது அவர் கருத்து. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் முதல்முறை எடுப்பவர் அதைப் பின்பற்ற வேண்டாம். எழுத்தாளர் சொல்லாத ஒன்றை நாம் எழுதிவிட்டால், அதைத் திரும்ப எடுக்க முடியாது. ரெக்கார்டரை ஓரமாக வைத்துவிட்டு முதல் பத்து நிமிடத்தைப் பொதுவான பேச்சில் கழித்தால் அந்தக் கூச்சம் தானாகப் போய்விடும்.

படி 7: பேசும்போது

பதிலைக் கேளுங்கள். சொல்ல எளிது, கையில் கேள்வித்தாள் இருந்தால் கண் அடுத்த கேள்விக்கு ஓடிவிடும். அவர் சொல்லி முடித்ததும் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பல சமயம் அவரே தொடர்வார், அப்படித் தொடரும்போது வருவதுதான் யோசித்துச் சொன்ன பதிலாக இருக்கும்.

பதிலிலிருந்தே எழும் துணைக்கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. எழுத்தாளர் பேட்டிகளுக்குப் பெயர்போன இதழ் பாரிஸ் ரிவ்யூ. 1953இல் வந்த முதல் இதழிலேயே இ. எம். ஃபார்ஸ்டரின் பேட்டியோடு தொடங்கியது. பாரிஸ் ரிவ்யூவில் 1958இல், அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வேயை அதன் ஆசிரியர் ஜார்ஜ் பிளிம்ப்டன் எடுத்த பேட்டி வந்தது. 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தி எழுதியதாக ஹெமிங்வே சொல்கிறார். நாமாக இருந்தால் "அப்படியா!" என்று வியந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்போம். பிளிம்ப்டன் அங்கேயே நிற்கிறார். அதில் என்ன சிக்கல், எது தடுத்தது என்று கேட்கிறார். சொற்களைச் சரியாகக் கொண்டுவருவதுதான் என்று பதில் வருகிறது. அந்தப் பதில் பிளிம்ப்டன் அங்கே நின்றதால் கிடைத்தது.

"இது பேட்டியில் வேண்டாம்" என்று அவர் சொன்னால் பேனாவைக் கீழே வையுங்கள். பிறகு எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அதை எழுதக் கூடாது. விடைபெறும் முன், "நான் கேட்டிருக்க வேண்டிய ஏதாவது விட்டுப்போயிற்றா?" என்று கேளுங்கள். ரெக்கார்டரை அதன் பிறகே நிறுத்துங்கள்.

படி 8: எழுத்துக்குக் கொண்டுவருவது

ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத நாலு மணி நேரமாவது ஆகும், பழக்கம் இல்லையென்றால் அதற்கு மேலும் ஆகும். தானாக எழுதித்தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. பேச்சுத் தமிழிலும் ஆட்பெயர்களிலும் அவை நிறையத் தவறு செய்யும், அதனால் பதிவோடு வைத்து வரிவரியாகச் சரிபாருங்கள். அன்றைக்கே தொடங்கிவிடுங்கள். அவர் எங்கே சிரித்தார், எங்கே தயங்கினார் என்பது அப்போதுதான் நினைவில் இருக்கும்.

பேசியதை எப்படி எழுதுவது என்பது தமிழில் பெரிய கேள்வி. 83ஆம் பக்கம் பற்றிய பதில் பதிவில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

"மொதல்ல அங்க ரெண்டு பக்கம் இருந்துச்சு. அவ அழுறது, எல்லாரும் வர்றது, எல்லாமே. அப்புறம் படிச்சுப் பாத்தப்ப எனக்கே பொய்யா பட்டுச்சு. எடுத்துட்டேன்."

இதை "ஆரம்ப வரைவில் துயரச் சித்திரிப்பு இரண்டு பக்க அளவில் இடம்பெற்றிருந்தது. மறுவாசிப்பில் செயற்கையாகத் தோன்றியதால் நீக்கப்பட்டது" என்று மாற்றினால் ஆளே காணாமல் போய்விடுகிறார். என் வழி இது:

"முதலில் அங்கே இரண்டு பக்கம் இருந்தது. அவள் அழுவது, எல்லோரும் வருவது, எல்லாமே. அப்புறம் படித்துப் பார்த்தபோது எனக்கே பொய்யாகப் பட்டது. எடுத்துவிட்டேன்."

சொற்களை எழுத்து வழக்குக்கு மாற்றியிருக்கிறேன். வாக்கியத்தின் நீளம், அவர் நிறுத்திய இடம், 'பொய்' என்ற சொல் எதிலும் கை வைக்கவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னதை எடுக்கலாம், கேள்விகளின் வரிசையை மாற்றலாம். ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு கேள்விக்குக் கீழே ஒட்டக் கூடாது. நம் கேள்விகளைச் சுருக்கிவிடுங்கள். வாசகர் படிக்க வந்தது அவருடைய பேச்சை.

படி 9: சரிபார்த்து வெளியிடுவது

பெயர்கள், ஆண்டுகள், புத்தகத் தலைப்புகள் எல்லாவற்றையும் தனியாகச் சரிபாருங்கள். எழுத்தாளர் நினைவிலிருந்து சொல்பவர். ஹெமிங்வே சொன்ன அந்த 39ஐயே எடுத்துக்கொள்ளுங்கள்: 2012இல் அந்த நாவலின் மாற்று முடிவுகளைச் சேர்த்து ஒரு பதிப்பு வந்தபோது கிடைத்தவை 47. அவர் பொய் சொன்னார் என்று ஆகாது. ஆனால் சரிபார்க்க முடிந்த இடத்தில் நாம் சரிபார்த்துவிட வேண்டும்.

பிறகு முழுவதையும் அவருக்கு அனுப்புங்கள். பல செய்தித்தாள்கள் பேட்டியை முன்கூட்டிக் காட்டுவதில்லை. பாரிஸ் ரிவ்யூ எழுத்தாளர்களைத் திருத்தவே விடுகிறது. புத்தகங்களைப் பற்றிய பேட்டிக்கு இரண்டாவதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். தவறுகளைத் திருத்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள். உயிருள்ள ஒரு பதிலை மழுப்பலாக மாற்றி அனுப்பினால், ஏன் பழையது நன்றாக இருக்கிறது என்று மரியாதையாக எழுதிக் கேட்டுப் பாருங்கள். முடிவு அவருடையது.

மேலே ஒரு சிறு அறிமுகம் எழுதுங்கள், ஐந்தாறு வரி போதும். கதையின் முடிவைச் சொல்லிவிடாதீர்கள். வெளியானதும் முதலில் அவருக்குச் சுட்டியை அனுப்பிவிட்டு, ஒலிப்பதிவை இரண்டு இடத்தில் பத்திரமாக வையுங்கள். அவருடைய அடுத்த புத்தகம் வரும்போது அதைப் போட்டுக் கேளுங்கள். கேட்காமல் விட்ட அந்த ஐந்தாறு கேள்விகளும் அப்போது உதவும்.