பூனைக்கு மாத்திரை கொடுக்கும்போது இந்தத் தப்பெல்லாம் வேண்டாம்

பூனைக்கு மாத்திரை கொடுப்பதை மல்யுத்தம் மாதிரி நினைப்பதுதான் முதல் தப்பு, மற்ற தப்புகள் பாதி அதிலிருந்துதான் கிளம்புகின்றன. டாக்டர் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் ஒரு வேளை மருந்து இல்லை. காலை, மாலை என்று 5 நாளைக்கோ 7 நாளைக்கோ இருக்கும். இன்றைக்குக் காலையில் வீட்டில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து அமுக்கிப் பிடித்து எப்படியோ உள்ளே தள்ளிவிடலாம், சரி. சாயங்காலம் பூனை கையில் சிக்குமா? அதனால் கேள்வியே வேறு: மாத்திரை வயிற்றுக்குள் போய்ச் சேரணும், அடுத்த வேளைக்கும் பூனை நம்மிடம் வரணும். இரண்டும் நடந்தால்தான் மருந்து கொடுத்ததாக அர்த்தம்.

செட்டிநாட்டில் இது கூடுதல் சிக்கல். நம் பெரிய வீடுகளில் பூனை இருப்பதே எலிக்காகத்தான், மடியில் படுத்துக் கொஞ்சுகிற ரகம் குறைவு. வீடோ முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் நீளம். வளவில், அதாவது முதல் கட்டு முற்றத்தில் வைத்துப் பிடிக்கப் போனால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு தாண்டி மச்சுக்குப் போய்விடும். அப்புறம் ராத்திரிச் சோற்றுக்குத்தான் இறங்கும். வீட்டில் இருப்பது பல இடங்களில் வயதான ஆச்சி ஒருவர் மட்டும், சிங்கப்பூரிலிருந்து மகன் வீடியோ காலில் "ஆத்தா, இன்னும் கொஞ்சம் தலையைத் தூக்கிப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒற்றை ஆளாகச் செய்கிற மாதிரி இருக்கணும் என்பதை மனதில் வைத்தே கீழே இருப்பதை எழுதுகிறேன்.

பிடித்த பிறகு தேடாதீர்கள்

பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாத்திரை அட்டையைத் தேடுகிற காட்சி நிறைய வீடுகளில் உண்டு. மாத்திரையைக் கால், அரை என்று வெட்டுவது, சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து வைப்பது, முடிந்தபின் கொடுக்க ஒரு துண்டு மீன், எல்லாம் முதலிலேயே தயாராக இருக்கட்டும். அப்புறம்தான் பூனை. கட்டிலும் பீரோவும் இல்லாத சின்ன அறையாகப் பார்த்துக் கதவைச் சாத்துங்கள். பூனை வழக்கமாகச் சாப்பிடுகிற இடமோ தூங்குகிற இடமோ வேண்டாம், அந்த இடத்தையே வெறுத்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஓடி வந்ததும் அமுக்குவதும் கூடாது. அடுத்த தடவை பெயரைக் கேட்டாலே எதிர்த் திசையில் ஓடும்.

ஆத்தங்குடிக் கல் தரை இன்னொரு தொல்லை. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து முகம் தெரிகிற மாதிரி வைத்திருப்போம், அதில் பூனைக்குக் கால் நிற்காது. கால் வழுக்கினால் பயம் வரும், பயம் வந்தால் நகம் வெளியே வரும். மேஜை மேல் ஒரு தேங்காய்ப்பூத் துண்டை விரித்து அதில் வையுங்கள். முட்டி வலி இருக்கிறவர்கள் தரையில் குந்தவும் வேண்டாம்.

பூனையின் முகத்துக்கு நேரே நின்று கொடுப்பது எல்லோரும் செய்கிற தப்பு. பூனை பின்பக்கமாகத்தான் நழுவும். அதன் பின்பக்கம் உங்கள் வயிற்றில் முட்டி நிற்கட்டும், அதுவும் நீங்களும் ஒரே திசையைப் பார்க்கணும். பின்னால் போக வழியில்லை என்றால் பாதிப் போராட்டம் அங்கேயே முடிந்துவிடும். கீறுகிற பூனை என்றால் அதே துண்டால் முன்கால்களை உள்ளே வைத்துச் சுற்றிவிடுங்கள், தலை மட்டும் வெளியே. கழுத்துப் பக்கம் ஒரு விரல் நுழைகிற இடைவெளி வேண்டும். பழைய கண்டாங்கிச் சேலையும் ஆகும், ஆனால் மெல்லிய துணியில் நகம் மாட்டிக்கொள்ளும், நாலாக மடித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் சுற்றியபடியே ரொம்ப நேரம் வைத்திருக்கக் கூடாது. கழுத்துத் தோலைப் பிடித்து அந்தரத்தில் தூக்குவது குட்டியைத் தாய்ப்பூனை செய்கிற வேலை, பெரிய பூனைக்கு அது வலி.

நமக்கு ஆகிற மாத்திரை அதற்கு ஆகாது

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பூனைக்கு உடம்பு சுடுகிறது என்று பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். கால்பால், டோலோ எல்லாம் அதுதான். "குழந்தைக்கே கொடுக்கிறோமே" என்பார்கள். மனித உடம்பு அந்த மருந்தை வெளியேற்றுகிற ஒரு முக்கியமான வழி பூனையின் கல்லீரலில் கிட்டத்தட்ட வேலை செய்வதில்லை. 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே 4 கிலோ பூனையின் உயிரைப் பறித்துவிடலாம். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிற சக்தியை இழந்து ஈறு பழுப்பாகும், மூச்சு வாங்கும், முகமும் பாதங்களும் வீங்கும். தெரியாமல் யாராவது கொடுத்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுங்கள், மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் வீட்டு வைத்தியத்துக்கு ஆகாது.

நாய்க்கு வாங்கியதில் மிச்சம் இருப்பதைக் கொடுப்பதும் இதே கணக்குதான். என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் நாய்க்கும் உண்டு, பூனைக்கும் உண்டு. பூனைக்கு அளவு மிஞ்சினால் விழித்திரை கெட்டுக் கண்ணே போகலாம். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதற்குக் காரணம் அதுதான். அதனால் எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். எடை மெஷினில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை ஏறி நின்று கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நம் பக்கத்து டாக்டர்கள் பார்ப்பது பெரும்பாலும் மாடும் ஆடும்தான், பூனைக்கென்று தனி மாத்திரை மெடிக்கலில் கிடைக்காமல் பெரிய மாத்திரையைக் கால் பாகமாக எழுதுவதும் உண்டு. கத்தியால் நறுக்கினால் கால் பாகம் அரைக்கால் ஆகிவிடும். மாத்திரை வெட்டுகிற சின்னப் பெட்டி மெடிக்கலிலேயே கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

வெல்லத்தில் பொதிந்து கொடுத்தால் ஏமாறாது

பிள்ளைகளுக்குக் கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுத்த பழக்கத்தில் பூனைக்கும் வெல்லம், தேன், கவுனி அரிசிப் பாயசம் என்று முயற்சி செய்கிறார்கள். பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணர்கிற ஜீன் ஒன்று பூனைக் குடும்பத்தில் உடைந்து போயிருப்பதை 2005இல் கண்டுபிடித்தார்கள், புலிக்கும் அதே கதைதான். ஆனால் கசப்பு நன்றாகத் தெரியும். ஆக, நீங்கள் கொடுப்பது அதற்கு வெறும் கசப்பு உருண்டை.

பொடி பண்ணிச் சோற்றில் கலப்பது அதைவிட மோசமான யோசனை. முழு மாத்திரையாக இருந்தால் மேல்பூச்சு கசப்பை மறைத்திருக்கும், இடித்தால் கசப்பு சோறு முழுக்கப் பரவும். வயிற்றுப்போக்குக்கு எழுதுகிற மெட்ரோனிடசோலை இடித்துக் கலந்து பாருங்கள், வாயில் வைத்ததும் நுரை தள்ளும், பார்க்கிறவர்கள் விஷம் தின்றுவிட்டது என்று அலறுவார்கள். அது பெரும்பாலும் கசப்புக்கு ஊறுகிற எச்சில்தான், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நிற்காமல் தொடர்ந்தால் டாக்டரிடம் கேளுங்கள். அதோடு பாதித் தட்டைத் தின்று மீதியை விட்டால் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்குத் தெரியும்? அந்தச் சோற்றையே சந்தேகப்பட்டு ஒதுக்கிவிட்டால் இன்னும் ஆபத்து. பூனை, அதுவும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து வேறு நோயே வந்துவிடும்.

மீன் குழம்புத் துண்டில் ஒளித்து வைப்பது நம் ஊர் ஸ்பெஷல் தப்பு. நம் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் என்ன இருக்கிறது? இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு தடவை நக்கியதில் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், மருந்துக்காக தினமும் இரண்டு வேளை கொடுத்தால் சேர்ந்துகொண்டே போகும். கருவாட்டில் உப்பு அதிகம். தொண்டிப் பக்கமிருந்து வருகிற மத்தியோ வேறு மலிவு மீனோ, உப்பு காரம் எதுவும் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, கொண்டைக்கடலை அளவு உருண்டையாகப் பிடியுங்கள். மூன்று உருண்டை. முதலாவது வெறும் மீன், இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவது மறுபடி வெறும் மீன், உடனுக்குடன் கொடுக்கணும். மூன்றாவதைப் பார்த்த அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். மாத்திரையைத் தொட்ட கையால் மற்ற உருண்டைகளைப் பிடிக்காதீர்கள், அந்த வாசனையிலேயே கண்டுபிடித்துவிடும். சாப்பிட்டு வயிறு நிரம்பியபின் கொடுத்தாலும் பலிக்காது. வெறும் வயிற்றில் கொடுக்கச் சொன்ன மருந்து என்றால் மட்டும் இந்த வழி வேண்டாம்.

பாலில் கலக்கலாமா என்பார்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கு வரும். டாக்ஸிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாட்டிக்குகளை பாலில் உள்ள கால்சியம் உடம்பில் சேரவிடாது.

வாயைத் திறந்து போடுவது

உணவில் ஏமாறாத பூனைக்கு நேரடி வழிதான். இடது கையைத் தலைக்கு மேலிருந்து கொண்டுவந்து, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு கன்ன எலும்புகளில் படுகிற மாதிரிப் பிடியுங்கள். மீசையை நசுக்கக் கூடாது. மூக்கு கூரையைப் பார்க்கிற அளவு தலையைச் சாய்த்தால் கீழ்த்தாடை தானாகவே தளரும். வலது கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாத்திரை, நடுவிரலால் கீழே முன்னால் இருக்கிற குட்டிப் பற்களை லேசாக அழுத்தினால் வாய் திறக்கும். நாக்கு மேடு மாதிரி எழும்பி நிற்கும் இல்லையா, அந்த மேட்டுக்குப் பின்னால், நட்டநடுவில் போடணும். முன்னால் போட்டால் நாக்கே வெளியே தள்ளிவிடும், ஓரத்தில் போட்டால் கடித்து நுரை தள்ளும். விரலை விட பயமாக இருந்தால், ரப்பர் நுனி வைத்த மாத்திரை ஊட்டும் குழல் ஆன்லைனில் கிடைக்கிறது. மாத்திரையில் துளி வெண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும்.

போட்டதும் தலையை அண்ணாந்தே பிடித்துக்கொண்டிருப்பது தப்பு. அந்த நிலையில் விழுங்குவது அதற்குக் கஷ்டம். வாயை மூடி, தலையைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவந்து, தொண்டையைத் தடவுங்கள். நாக்கை நீட்டி மூக்கை ஒரு தடவை நக்கினால் பெரும்பாலும் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும்தான். சில பூனைகள் மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்து போய், தூணுக்குப் பின்னால் துப்பிவிட்டு வரும். கொஞ்ச நேரம் கண்ணில் வைத்திருங்கள்.

தண்ணீர் கொடுக்காமல் விட்டுவிடுவது

நிறையப் பேருக்குத் தெரியாத தப்பு இதுதான், என் கணக்கில் பாரசிட்டமாலுக்கு அடுத்தபடியாகப் பெரியதும் இதுதான். மாத்திரை தொண்டையைத் தாண்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். தண்ணீரோ உணவோ பின்னால் போகாவிட்டால் பூனையின் உணவுக்குழாயில் மாத்திரை பல நிமிஷம் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். டாக்ஸிசைக்ளின், கிளிண்டாமைசின் இரண்டும் இதில் ரொம்ப மோசம், ஒட்டிய இடத்தைப் புண்ணாக்கிவிடும். புண் ஆறும்போது குழாய் சுருங்கி, அப்புறம் தின்றதெல்லாம் வெளியே வரும். நோய் குணமாகி மருந்தால் பூனை அவதிப்படுகிற நிலை. கேப்ஸ்யூலும் காய்ந்த தொண்டையில் ஒட்டும், நனைத்துப் போடுங்கள்.

மாத்திரை போட்டதும் ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர் கொடுங்கள். எப்படி என்பதிலும் ஒரு தப்பு உண்டு. வாய்க்கு நேரே வைத்து வேகமாக அழுத்தினால் மூச்சுக்குழாயில் போய் நுரையீரலில் சளி கட்டும். கோரைப்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு இடைவெளி இருக்கும், அதில் சிரிஞ்சு நுனியை வைத்து, தலையைத் தூக்காமல், ஒவ்வொரு மில்லியாக, விழுங்க நேரம் விட்டுக் கொடுக்கணும். இருமினால் நிறுத்துங்கள். தண்ணீருக்கு அடம் பிடிக்கிற பூனைக்கு இரண்டு வாய் மீன் சாறோ ஈர உணவோ உடனே தின்னக் கொடுத்தாலும் சரிதான்.

ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்காதீர்கள். கொடுத்து உடனே வாந்தி எடுத்தால், மறுபடி கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மூன்றாம் நாளே துள்ளிக் குதிக்கிறது என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், ஸ்டீராய்டு மாத்திரை என்றால் கண்டிப்பாகக் கூடாது.

எவ்வளவு பார்த்தும் முடியவில்லை என்றால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதே மருந்து ஊசியாகவோ சொட்டு மருந்தாகவோ கிடைக்கலாம், வயிற்றுப் பூச்சி மருந்தில் கழுத்தில் தடவுகிற வகைகூட உண்டு. (நாய்க்கான உண்ணி மருந்தைக் கழுத்தில் தடவிவிடாதீர்கள், பெர்மெத்ரின் கலந்தது பூனைக்கு வலிப்பு வரவைக்கும்.) பூனை உறுமி, காதை மடக்கி, உடம்பை விறைத்துக்கொண்டால் அந்த நேரத்துக்கு விட்டுவிட்டு அரை மணி கழித்து வாருங்கள். கடித்துவிட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, மஞ்சள் அப்பாமல், அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், மேலே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே சீழ் வைக்கும். வெறிநாய்க்கடி நோய் பூனைக்கடியிலும் வரும், அதற்கான தடுப்பூசியை அங்கே இலவசமாகவே போடுகிறார்கள்.