டீரூம் சாத்தும் நேரம்: சொந்தக் கடை நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் 1997-ஆம் ஆண்டு அடிப்படைப் பணி நிபந்தனைச் சட்டம் கடையில் வேலை பார்ப்பவருக்கு ஒரு வரம்பைக் கட்டியிருக்கிறது. வாரத்துக்கு 45 மணி நேர வேலை, உடன்பட்டால் அதற்குமேல் பொதுவாக 10 மணி நேரம் வரை, ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் 12 மணி நேர ஓய்வு, வாரத்தில் ஒருமுறை தொடர்ந்து 36 மணி நேர ஓய்வு, ஆண்டுக்குத் தொடர்ச்சியாக 21 நாள் விடுப்பு. டர்பனிலும், அதன் இந்தியர் பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டீரூமோ (ரொட்டி, பால் முதலிய அன்றாடச் சரக்கு விற்கும் சிறு தெருக்கடை) மசாலாக் கடையோ நடத்தும் நம்மவர்களில் பலர் இவற்றைத் தங்கள் ஆட்களுக்கு ஒழுங்காகக் கொடுக்கிறார்கள். தனக்குத் தானே முதலாளியாக இருப்பவருக்கு மட்டும் இப்படி நேரம் வகுத்துக் கொடுக்க எவரும் இல்லை. அவராகவே எழுதி வைத்துக்கொள்ளாதது முதல் தவறு. பின்னால் சொல்லப்போகும் மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

காலை 6 மணிக்கு ரொட்டியும் பாலும் வந்து இறங்கும்போது கதவைத் திறந்து, மாலை 7 மணிக்குச் சாத்துகிறவர் ஆறு நாளில் 78 மணி நேரம் நிற்கிறார்; ஞாயிறு அரை நாளையும் சேர்த்தால் 80-ஐத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதலாக இருப்பதாகக் கண்டது. சர்க்கரை நோய் இந்நாட்டு இந்திய வம்சாவளியினரிடையே பரவலாக இருப்பது நம் வீடுகளுக்குத் தெரிந்ததுதான். ஐந்து மணி நேர வேலைக்குப் பின் உணவு இடைவேளை விடவேண்டும் என்று சட்டம் சொல்வதை ஆட்களுக்குக் கடைப்பிடித்துவிட்டு, தாம் மட்டும் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றபடி மூன்று மணிக்கு ஒரு வாய் சாப்பிடும் வழக்கத்தை உழைப்பின் அடையாளமாக எண்ணுவது உடலுக்குச் செய்யும் அநியாயம்.

நம்மவரால் ஏன் கதவைச் சாத்த முடியவில்லை என்பதற்கு ஆழமான காரணம் இருக்கிறது. 1860-இல் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியவர்களின் வழிவந்தோர், கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறிக் காய்கறிக் கூடையிலிருந்து கடைவரை வளர்ந்தார்கள். யார் எந்தப் பகுதியில் வாழலாம், வணிகம் செய்யலாம் என்பதை இனவாரியாகப் பிரித்த 1950-இன் குழுப்பகுதிச் சட்டம் பலரை அந்தக் கடைகளிலிருந்தும் பெயர்த்தெறிந்தது. கடைகள் சூறையாடப்பட்ட 2021 ஜூலைக் கலவரத்தின்போது எங்கள் தெருவில் இரவெல்லாம் விழித்திருந்து காவல் காத்தோம். கண்ணை மூடினால் கடை போய்விடும் என்ற அச்சம் இப்படி அனுபவத்தால் வந்தது. அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஒரு வாரத்துக்குரிய விழிப்பை ஆண்டின் எல்லா வாரங்களுக்கும் நீட்டிப்பதும், கடையைப் பாதுகாப்பதும் கடையிலேயே கிடப்பதும் ஒன்றென்று நினைப்பதும் தவறு.

எல்லாச் சாவியையும் ஒரே இடுப்பில் வைத்திருப்பதுதான் நான் செய்த பெரிய தவறு. 2016-இல் எனக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தபோது கடை ஐந்து நாள் மூடிக் கிடந்தது. வங்கியில் பணம் அனுப்ப அனுமதி தரக்கூடியவன் நான் ஒருவனே. மொத்த வியாபாரியின் விலை என் நினைவில் மட்டுமே இருந்தது. அலாரம் அடித்தால் பாதுகாப்பு நிறுவனம் அழைக்க வேண்டிய முதல் எண்ணும் என்னுடையதே. மீண்டு வந்தபின், பதினோரு ஆண்டுகளாக உடனிருந்த பெண்மணிக்கு ஒவ்வொன்றாகப் பொறுப்பை மாற்றினேன். முதல் மாதம் சரக்கு எடுக்கும் பட்டியலை அவர் எழுத, நான் சரிபார்த்தேன். இரண்டாம் மாதம் 5,000 ராண்ட் வரையிலான கொள்முதலை அவரே முடிவு செய்தார். அதன்பின் சாவியையும் அலாரக் குறியீட்டையும் கொடுத்தேன், அதற்கேற்பச் சம்பளத்தையும் உயர்த்தினேன். பொறுப்பைக் கூட்டிவிட்டுச் சம்பளத்தை அப்படியே வைத்திருந்தால் அவர் நிலைத்திருக்கமாட்டார், நாமும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவோம்.

மனைவியைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு, நாள் முழுதும் குடும்பத்தோடுதானே இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதை எங்கள் பகுதியில் அடிக்கடி கேட்கிறேன். சில்லறையையும் சரக்கையும் பற்றி நூறு முறை பேசிக்கொள்ளும் இருவர் தங்களைப் பற்றி ஒருமுறைகூடப் பேசாமல் இரவு படுக்கப்போவது கூடியிருத்தல் ஆகாது. அவருடைய வேலைக்குச் சம்பளமும், அவருக்கென்று ஒரு ஓய்வு நாளும் கணக்கில் ஏறவேண்டும். பள்ளி விட்டு வரும் பிள்ளை அலமாரி அடுக்க உதவலாம். ஆனால் தந்தையைப் பார்க்கக் கடைக்குத்தான் வரவேண்டும் என்ற நிலை ஏற்பட்டால், அது எச்சரிக்கை.

முன்பே தெரிந்த தேதியைக் கடைசி நேர அவசரமாக ஆக்கிக்கொள்வதும் குடும்ப நேரத்தைத் தின்னும். ஊழியர் வருமானவரிப் பிடித்தம் மாதந்தோறும் 7-ஆம் தேதிக்குள், முன்கூட்டிய வருமானவரி ஆகஸ்ட் இறுதியிலும் பிப்ரவரி இறுதியிலும் என்பதில் எந்த ஆண்டும் புதிது ஒன்றுமில்லை. கடைப்பணமும் வீட்டுப்பணமும் ஒரே கணக்கில் கலந்திருப்பவரே அந்த வாரங்களில் நள்ளிரவுவரை ரசீது தேடுகிறார். தனி வங்கிக் கணக்கும், தமக்கென மாதாமாதம் எடுத்துக்கொள்ளும் ஒரே தொகையும் இருந்தால் அந்த இரவுகள் மிஞ்சும்.

தைப்பூசமும் தீபாவளியும் இந்நாட்டில் பொது விடுமுறை அல்ல. ஆகவே காவடிக்கு நேரம் இருந்தால் போகலாம் என்று விட்டுவைப்பவருக்கு அந்த நேரம் வாய்ப்பதே இல்லை. ஜனவரி முதல் வாரத்திலேயே நாட்காட்டியில் அந்த நாட்களைக் குறித்து, கடையில் யார் நிற்பார் என்பதையும் அருகிலேயே எழுதிவிட வேண்டும். எல்லா ஓய்வையும் டிசம்பருக்குத் தள்ளுவதும் டீரூமுக்குப் பொருந்தாது. கடற்கரைக்குக் கூட்டம் வரும் அந்த மாதத்தில்தான் நமக்கு வியாபாரம் அதிகம்.

தொடங்க விரும்புவோர் கடந்த மூன்று மாத விற்பனையை நாள்வாரியாகவும் மணிவாரியாகவும் பிரித்துப் பார்க்கலாம். எங்கள் கடையில் செவ்வாய்க்கிழமை பிற்பகல் 2 மணிக்குமேல் வந்த பணம், அந்நேரத்து மின்கட்டணத்துக்கும் கூலிக்கும் சற்றே மேலாக இருந்தது. இரண்டு வாரங்களுக்கு முன்பே கதவில் அறிவிப்பு ஒட்டி, வாட்ஸ்ஆப்பில் ஆர்டர் அனுப்புவோருக்கும் சொல்லிவிட்டு, அந்தப் பிற்பகலை மூடத் தொடங்கினோம். முதல் மாதம் நான்கைந்து பேர் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களே திங்கட்கிழமை வந்து வாங்கிச் செல்லப் பழகிக்கொண்டார்கள்.